தை மாதத்து மல்லாட்டை

எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலை, தை மாதத்தில் செடியோடு கிடைக்காது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மானாவாரியில் ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் பிடுங்கி முடித்துவிடுவார்கள். கிணறு உள்ளவர்கள் மார்கழியில் போடுவது பங்குனியில்தான் கைக்கு வரும். நடுவில் வரும் தை, செடி பூத்து விழுது இறங்கிக்கொண்டிருக்கிற காலம், காய் பிடித்திருக்காது. திண்டிவனம் பஸ்ஸில் புத்தகப் பையோடு ஏறுகிற பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். விழுப்புரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு என் பட்டறையை விலையாகக் கொடுத்தேன்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கூட்டேரிப்பட்டில் ஹைவேயை ஒட்டி வாடகைக்கு ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு பழைய லேத், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின். முதலாளிகள் இரண்டு பேர், நானும் என் நாத்தனாரும். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அவள் பத்தாவதோடு நிறுத்தியவள், ஆனால் வெல்டிங்குக்கு அவள் கைதான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். அதனால் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது, "ஓனர் இல்லியாம்மா?" என்பதுதான். நான் நாத்தனாரைக் காட்டுவேன். அவள் என்னைக் காட்டுவாள். வந்தவர் ஷெட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வேலையைச் சொல்லுவார்.

எங்களுக்கு நிலம் கிடையாது. என் அம்மா வீட்டிலும் கிடையாது, மாமியார் வீட்டிலும் கிடையாது. நிலம் உள்ளவர்கள் வீட்டு மல்லாட்டையை ஆய்ந்து கொடுத்து, ஆய்ந்ததில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கி வருவதுதான் எங்கள் தெருப் பெண்களுக்கு அறுவடை. பிடுங்கிப் போட்ட செடியை மடியில் வைத்து, காயை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கூடையில் போட வேண்டும். சாயங்காலத்தில் விரல் நுனி எரியும். அன்றைக்குச் சோறு பிசையக் கை வராது. எவ்வளவு ஆய்கிறோமோ அவ்வளவுதான் பங்கு. எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிற கங்காணி என் மாமியார். நான் டிப்ளமா படித்தவள் என்பதெல்லாம் மல்லாட்டை போட்ட கொல்லையில் செல்லாது. "இன்னாடி, செடிய தடவிக் குடுத்துக்கினு கீற? பிய்டீ" என்பார்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் எங்கள் மெஷின். ஏற்கெனவே மல்லாட்டைக்கு மெஷின் இருக்கிறது, டிராக்டரில் மாட்டுகிற பெரிய மெஷின். ஆனால் பச்சைச் செடியைப் போட்டால் அதில் காய் உடைந்துபோகும். எங்கள் தெருவில் டிராக்டருக்கு யார் போவது? நாங்கள் செய்தது தையல் மெஷின் மாதிரி காலால் மிதிப்பது. ஒரு உருளை, அதன் மேல் வரிசையாகக் கம்பி வளையங்கள். மிதித்தால் உருளை சுற்றும். செடியைத் தலைகீழாகப் பிடித்து வேர்ப் பக்கத்தை அதன் மேல் காட்டினால் வளையம் தட்டித் தட்டிக் காய் கீழே விழும். காய் உடையாது. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எந்தக் கொல்லைக்கும் போகலாம். ஒரு ஐப்பசியில் மழைக்கு முன்னால் அதைக் கொல்லையில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். பெண்கள் ஆய்வதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மாமியார் ஒருவரையும் சும்மா புகழ மாட்டார். அன்றைக்கு மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல ஒண்ணு எங்க செட்டுக்கு செஞ்சி குடுத்துடு. அப்பறம் ஊருக்கு விப்ப" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் தேவைப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பித் தூசு விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் கொரோனா வந்தது. ஹைவேயில் வண்டி இல்லை, பட்டறையில் வேலை இல்லை. ஊரடங்கு முடிந்த பிறகும் வேலை திரும்பவில்லை. இரும்பு விலை ஏறிக்கொண்டே போனது. கேட் போடுவதாகச் சொன்னவர்கள் பழைய கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டார்கள். மெஷினுக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னவர்கள் போனை எடுக்கவில்லை. ஷெட்டின் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. "எனக்கும் வேற வருமானம் இல்லமா. பங்குனி வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள பட்டறை ஓட ஆரம்பிச்சா இரு, இல்லன்னா காலி பண்ணிக் குடுத்துடு" என்றார். லேத்தை வைக்க எங்களுக்கு வேறு இடம் இல்லை. வீட்டில் ஆடு கட்டவே இடமில்லாதபோது லேத்தை எங்கே வைப்பது? ஷெட் போனால் லேத் போகும், லேத் போனால் மெஷின் போகும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் திட்டம் அறிவித்தது. தொழில் மந்தத்தில் அடிபட்ட சிறு தொழில்களில், புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவர்களுக்கு உதவி. பேப்பரில் படித்துவிட்டு நாத்தனார் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். "அண்ணி, இது நமக்குன்னே எழுதினா மாதிரி இருக்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விழுப்புரத்தில் மாவட்டத் தொழில் ஆபீசுக்குப் போனோம். போனோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை பட்டறை நன்றாக ஓடுகிறது என்று காட்டச் சொன்னார்கள், ஓடுகிற தொழிலுக்குத்தான் உதவியாம். அடுத்த தடவை பட்டறை படுத்துவிட்டது என்று காட்டச் சொன்னார்கள், மந்தத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் உதவியாம். நின்றுகொண்டே ஓடுவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் கடைசியில் எங்கள் பெயர் தேறியது. திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டு லேடீஸ், கிராமத்துல பட்டறை. ரொம்ப நல்ல விஷயம்மா. டெமோ மட்டும் காட்டிடுங்க" என்றார்.

"எப்ப சார்?"

"தை கடைசில. காலேஜ் கிரவுண்டுல ஸ்டால் போடறோம். பெரிய ஆபீசர்லாம் வராங்க."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சார், தையில மல்லாட்டை ஏது சார்?"

"ஏன், கடையில எல்லாம் கெடைக்குதே."

"கடையில கெடைக்கிறது காய் சார். எங்க மெஷின் செடியிலருந்து காய ஆயறது. பங்குனில வைங்க சார், எங்க ஊருக்கே வாங்க. கொல்லையிலயே ஓட்டிக் காட்டறோம்."

"பங்குனில மார்ச் முடிஞ்சிடும்மா. நிதியாண்டு முடிஞ்சா பணம் திரும்பிப் போய்டும்."

ஐப்பசியில் எடுத்த வீடியோ போனில் இருந்தது. காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா கமிட்டி நேர்ல பாக்கணும், அதான் ரூல்" என்றார். மல்லாட்டைச் செடிக்கு ஒரு ரூல், அவருக்கு ஒரு ரூல். செடியின் ரூலைத்தான் அவரால் மாற்ற முடியும் என்று நினைத்துவிட்டார் போல.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரை வரை ஊர் ஊராகத் தேடினோம். பட்டம் பிந்தி யாராவது விதைத்திருக்கிறார்களா, எங்கேயாவது காய்த்த செடி நிற்கிறதா என்று கேட்டதற்கு, எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர், "மசக்கையா மா?" என்றே கேட்டுவிட்டார். நாத்தனார் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

யோசனை நாத்தனாருடையது. தெரிந்தவர் கொல்லையில் பூத்து நிற்கிற செடியைக் கொஞ்சம் கெஞ்சி வாங்குவது. கடையில் வாங்கிய காயை ஊற வைத்து, அந்தச் செடியின் வேரில் கட்டிவிடுவது. மெஷின் வேலை செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் கேட்பது செடி மாதிரி ஒன்று, காய் மாதிரி ஒன்று, அவ்வளவுதானே. ஒரு சுற்று நூலை லேசாகச் சுற்றிவிட்டால் வளையம் தட்டியதும் விழுந்துவிடும். திருட்டுத்தனம் என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. பூத்த செடியில் காய் கேட்டவர்களுக்குக் காய்த்த செடி காட்டப் போகிறோம்.

ரூல்படி டெமோவுக்கு முதல் நாள் காலையிலேயே மெஷினைக் கொண்டுபோய் ஸ்டாலில் இறக்க வேண்டும். மினி வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரம் போய்விட்டோம். காய் கட்டுகிற வேலையை மாமியாரிடம் விட்டிருந்தோம். அவர் தன் செட்டுப் பெண்களை எல்லாம் எங்கள் வாசலில் உட்கார வைத்துவிட்டார். மல்லாட்டை இல்லாத காலத்தில் அவர்களுக்குப் பிழைப்பு பூ கட்டுவது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும். வாசலில் பூ விற்கிறவர்களுக்கு எங்கள் தெருவிலிருந்துதான் முழம் முழமாகச் சரம் போகும். அவர்கள் விரலுக்குக் கண் இருக்கிறது. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, பார்க்காமலே கட்டுவார்கள்.

நாங்கள் சாயங்காலம் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. செடிகளை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அசந்துபோனேன். வேருக்கு வேர் கொத்துக் கொத்தாகக் காய், நிஜச் செடிகூட அவ்வளவு அழகாகக் காய்க்காது. நான் கொடுத்துவிட்டுப் போன நூல்கண்டு பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"நூலு வெள்ளையா தெரியுது. அதான் நார்ல கட்டிட்டோம். வாழநாரு வேரு கலர்லயே கீது பாரு" என்றார் மாமியார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நானும் முகத்தைத்தான் பார்த்தேன், முடிச்சைப் பார்க்கவில்லை.

மறுநாள் மைதானத்தில் ஷாமியானா, நாற்காலி, மைக், எல்லாம் இருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஸ்டாலில் ஒருவர் தென்னை நாரில் ஏதோ செய்து வைத்திருந்தார். முதலில் போட்டோக்காரர் வந்தார். கமிட்டி வருவதற்கு முன்னால் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டுமாம். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்தார், கையில் செடியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். "சிரிங்கம்மா, கவர்மெண்டு உங்களுக்கு உதவி பண்ணுது இல்ல, நல்லா சிரிங்க" என்றார். சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு நிஜமாகவே வந்தது.

கமிட்டி வந்து நின்றது. நான் உட்கார்ந்து மிதித்தேன். உருளை சுற்றியது. நாத்தனார் செடியை நீட்டினாள்.

ஒரு காய் விழவில்லை.

மாமியார் செட்டு ஒவ்வொரு காய்க்கும் பூ கட்டுகிற முடிச்சைப் போட்டிருந்தார்கள். கோயில் வாசலில் கூட்டத்தில் கசங்கினாலும், அம்மன் கழுத்தில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் ஒரு மொட்டுகூட உதிரக் கூடாது என்று கட்டுகிற முடிச்சு. அவர்களுக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். உதிர வேண்டும் என்று கட்டி அவர்களுக்கு என்ன பழக்கம்? போதாததற்கு ஈரநார் ராத்திரியில் காய்ந்து இறுகிவிட்டது. வளையம் தட்டத் தட்டக் காய் ஆடியது, விழவில்லை. தழை கிழிந்தது, வேர் கிழிந்தது, நார் மட்டும் அறுபடவில்லை. நாத்தனார் பதறி இன்னும் அழுத்திப் பிடித்தாள். அடுத்த நிமிஷம் செடி மொத்தமும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது. நார் உருளையின் நடுவில் ஓடுகிற ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டது. நான் காலை எடுப்பதற்குள் மெஷின் ஒரு கத்து கத்திவிட்டு நின்றது. ஷாஃப்ட் வளைந்துவிட்டது.

கமிட்டியில் ஒரு மேடம் இருந்தார். குனிந்து கீழே கிடந்த ஒரு கொத்தை எடுத்தார். விரலால் உருட்டிப் பார்த்தார். "இது பூ கட்டற முடிச்சாச்சே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"காயக் கட்டி எடுத்துக்கினு வந்திருக்கீங்களா? கவர்மெண்டயே ஏமாத்தறீங்களா?" என்றார், முன்பு மரியாதையாகப் பேசிய அதே அதிகாரி.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "தையில மல்லாட்டை கேட்டது யாரு சார்? நான் கேட்டனா? பங்குனில வாங்கன்னு தலையால அடிச்சிக்கினேனே, காதுல வுழுந்துதா உங்களுக்கு?" என்று கத்தினேன். நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். மைக்கில் யாரோ அடுத்த ஸ்டாலை அழைத்தார்கள். கமிட்டி நகர்ந்துவிட்டது. நான் கத்தியதைக்கூட நின்று கேட்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார், "கட்டு நின்னுதா?"

"நின்னுது அத்தை" என்றேன்.

மாசி முடிவதற்குள் லேத்தைப் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். அவர் கயிறு கட்டியபோது நாத்தனார் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அடுத்த வாரமே அவள் செருப்புக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் ஹைவேயில் வேன் வரும். வெல்டிங் பிடித்த கையால் இப்போது ஷூவுக்குப் பசை தடவுகிறாள். மெஷின் மட்டும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வளைந்த ஷாஃப்ட்டோடு நிற்கிறது. அதை நிமிர்த்துவதற்கு ஒரு லேத் வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் விழுப்புரம் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "ஏய், பஸ் ஸ்டாண்டுல ஒன்ன எவ்ளோ பெருசா வெச்சிக்கிறாங்க!" என்றாள். போய்ப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் பேனரில் நான் செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறேன். மந்தத்திலும் மலரும் சிறு தொழில் என்று மேலே பெரிய எழுத்து. திண்டிவனத்திலும் ஒன்று வைத்திருந்தார்கள். உதவிப் பணம் எவ்வளவு வந்தது என்று ஊரே விசாரித்தது. இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "வாங்கினத வாங்கலன்னு சொல்றா பாரு" என்று என் காது படவே பேசினார்கள். ஷெட்காரர் வருத்தப்பட்டார். "பணம் வந்தத மறைச்சிட்டு ஏம்மா காலி பண்ண? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். "அது சும்மா ஒரு மாடலுக்காகப் போட்ட படம்மா. நீங்க உதவி வாங்கினீங்கன்னு அதுல எங்கயாவது எழுதியிருக்குதா? உங்களுக்கும் விளம்பரம்தானே" என்றார். சரிதான், எழுதவில்லை. அவர் எதையும் தப்பாக எழுதுகிறவர் இல்லை.

பங்குனி வந்தது. கொல்லை எல்லாம் மல்லாட்டை. பட்டறை இல்லாததால் நானும் மாமியார் செட்டில் ஆளாகச் சேர்ந்துவிட்டேன். தையில் எங்களுக்குச் செடி கொடுத்த அதே கொல்லைக்குத்தான் முதலில் போனோம். பிடுங்கிப் போட்ட செடியில் கொத்துக் கொத்தாகக் காய், யாரும் கட்டாத காய். ஆய்ந்ததைக் காய வைக்கத் தரையில் விரிப்பதற்குக் கொல்லைக்காரர் ஒரு பழைய ஃப்ளெக்ஸைச் சுருட்டி எடுத்து வந்தார். திண்டிவனத்தில் கழற்றிப் போட்டதைச் சும்மா வாங்கி வந்தாராம். எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர், கல்யாண மாப்பிள்ளை, மஞ்சள் நீராட்டு விழாப் பெண், எல்லார் முகமும் கடைசியில் மல்லாட்டைக்கு அடியில்தான் வரும். அவர் உதறி விரித்தார்.

நான்தான்.

பெண்கள் முதலில் கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி சிரிப்பை நிறுத்தினாள், எல்லாரும் நிறுத்தினார்கள். கொல்லைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "திருப்பிப் போட்டுடட்டுமாம்மா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். மாமியார் குனிந்து, படத்தில் என் கையில் இருந்த செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ நல்ல போட்டோ. ஒவ்வொரு காய்க்கும் மேலே நார் சுற்றியிருப்பது தெரிந்தது.

"கொஞ்சம் தளத்திக் கட்டியிருந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கட்டினது சரிதான் அத்தை" என்றேன். மடியில் செடியை இழுத்து வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தேன். விரல் நுனி பழையபடி எரிந்தது. படத்தில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். கூடை நிறைந்ததும் எழுந்து போய், அந்த வாயின் மேல் கொட்டினேன்.